ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஒரு குடல்

அறுவை ஸ்டேப்ளரின் நீல நிற கார்ட்ரிட்ஜில் அடுக்கியிருக்கும் டைட்டானியம் பின்னின் கால் உயரம் சுமார் 3.5 மில்லிமீட்டர். அது குடலின் இரண்டு சுவர்களையும் துளைத்துக்கொண்டு போய், எதிர்த்தாடையில் இருக்கும் சிறு பள்ளத்தில் முட்டி, கால்கள் உள்பக்கமாக மடங்கிய பிறகு மிஞ்சும் உயரம் சுமார் 1.5 மில்லிமீட்டர். அந்த இடத்துக்குள் நோயாளியின் குடல், இரண்டு சுவரும் சேர்ந்து, அடங்கியாக வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது, அதன் பிறகு உயிரோடும் இருக்க வேண்டும்.

அறுவை ஸ்டேப்ளர் என்றதும் ஆபீஸ் மேஜையில் கிடக்கும் ஸ்டேப்ளர்தான் பலருக்கும் மனதில் வரும். இயங்கும் விதம் ஏறக்குறைய அதேதான். ஆனால் காகிதத்துக்கு இரத்தம் ஓட வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து அது வீங்குவதில்லை. ஒட்டிக்கொண்டு ஆறவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. குடலில் பின் அடிப்பது, அளவோடு செய்யும் ஒரு காயம். நசுக்கினால்தான் இரத்தக்கசிவு நிற்கும், நசுக்கினால்தான் மலம் வெளியே கசியாது. அதே நசுக்கல் இம்மி கூடினால் விளிம்பு இரத்தமில்லாமல் செத்துப்போகும். ஸ்டேப்ளரால் வரும் திசுச் சேதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணிலிருந்துதான் கிளைக்கின்றன.

கார்ட்ரிட்ஜ்களுக்கு நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். வெகுகாலமாக வழக்கில் இருக்கும் கணக்குப்படி வெள்ளை மெல்லிய திசுவுக்கு, மூடினால் சுமார் 1 மி.மீ. நீலம் சாதாரணக் குடலுக்கு, 1.5. பச்சை தடித்த திசுவுக்கு, 2. இந்த நிறங்கள் எல்லா நிறுவனத்துக்கும் பொது அல்ல. ஒரு நிறுவனத்தின் ஊதா நிற கார்ட்ரிட்ஜில் மூன்று வரிசைப் பின்களும் மூன்று வெவ்வேறு உயரத்தில் இருக்கும். வெட்டு விளிம்புக்கு அருகில் குட்டை, வெளியே போகப்போக நெட்டை. தியேட்டரில் சர்ஜன் "நீலம் கொடுங்க" என்று கேட்கும் அந்த நொடியில், அவர் கையில் குடல் சுவரின் தடிமனை அளக்கும் கருவி எதுவும் இருப்பதில்லை. விரலால் தடவிப் பார்க்கிறார். லேப்ராஸ்கோப்பி என்றால் அந்த விரலும் இல்லை. திரையில் தெரியும் படத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

குடல் சுவரில் நான்கு அடுக்குகள். உள்ளே சளிச்சவ்வு, அதை ஒட்டிய அடித்திசு, பிறகு தசை, வெளியே வழவழப்பான மெல்லிய உறை. 1887 இல் அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களின் குடலில் தையல் போட்டுப் பார்த்துச் சொன்னது இன்றுவரை நிற்கிறது: தையலைத் தாங்கிப் பிடிக்கும் வலு சளிச்சவ்வை ஒட்டிய அந்த அடித்திசுவில்தான் இருக்கிறது. கொலாஜன் நார்கள் அங்கேதான் பின்னிக் கிடக்கின்றன. சிக்கல் என்னவென்றால், குடல் சுவருக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் வலையும் அதே அடுக்கில்தான் படர்ந்திருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டால் பிடி நிற்குமோ, அதை அழுத்தினால்தான் இரத்தமும் நிற்கிறது.

இதற்கு ஸ்டேப்ளரை வடிவமைத்தவர்கள் கண்ட வழி அழகானது. பின் முழு வளையமாக மூடுவதில்லை. ஆங்கில 'பி' எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி மடங்குகிறது. அதில் இரண்டு சிறிய கண்கள் மிஞ்சும். அவற்றின் வழியே நுண்குழாய்களில் இரத்தம் ஊர்ந்துபோகும். வரிசைகளையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றின் இடைவெளிக்கு எதிரே மற்றொன்றின் பின் வரும்படி மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கசிவுக்கு வழி அடைபடுகிறது, இரத்தத்துக்கு வழி கிடைக்கிறது. திசுவுக்குப் பொருத்தமில்லாத கார்ட்ரிட்ஜைப் போட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் பாழ். சுவர் மெலிந்திருந்து பின் நெட்டையாக இருந்தால் அழுத்தம் போதாது. விளிம்பில் இரத்தம் கசியும், உள்ளிருப்பது வெளியே வரும். சுவர் தடித்திருந்து பின் குட்டையாக இருந்தால், கால்கள் எதிர்த்தாடையை ஒழுங்காகச் சென்றடையாமல் கோணலாக மடங்கும், அல்லது தாடை மூடும் வேகத்தில் தசையும் மேலுறையும் கிழிந்துபோகும். கிழியாமல் தப்பித்தாலும் நசுங்கிய திசு இரண்டொரு நாளில் கருகிவிடக்கூடும்.

காத்திருப்பதும் இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி என்பது வெளியே அதிகம் தெரியாத விஷயம். உயிருள்ள திசுவில் பெரும்பங்கு நீர். தாடையை மூடியதும் அந்த நீர் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். மூடிய கையோடு அடித்தால் இன்னும் மெலியாத சுவரில் பின் இறங்குகிறது. அதனால் குறைந்தது 15 விநாடியாவது அழுத்திப் பிடித்துவிட்டு அப்புறம் அடி என்பது பாடம். அறுவையின் நாலாவது மணி நேரத்தில் அந்தக் கால் நிமிடம் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பார்க்க மலக்குடல் புற்றுநோய் அறுவையை விட நல்ல இடம் கிடையாது. கட்டி இருக்கும் பகுதியை எடுத்தாயிற்று. கீழே ஆசனவாய்க்குச் சற்று மேலே மலக்குடலின் மிச்சம், நேர்க்கோட்டு ஸ்டேப்ளரால் வாய் மூடப்பட்டு நிற்கிறது. மேலே பெருங்குடலின் திறந்த முனை. அந்த முனைக்குள் காளான் வடிவத்தில் ஒரு உலோகத் தலையை வைத்து, சுற்றிலும் நூல் கோத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். இப்போது வட்ட ஸ்டேப்ளரின் தண்டு ஆசனவாய் வழியாக உள்ளே வருகிறது. அதன் நுனியிலிருந்து ஒரு கூர்முனை வெளிப்பட்டு மலக்குடலின் மூடிய வாயைக் குத்திக்கொண்டு மேலே வருகிறது. காளான் தலையின் தண்டை அதில் பொருத்தினால் 'க்ளிக்' என்று கேட்கும். பிறகு கைப்பிடியின் அடியில் இருக்கும் திருகைச் சுற்றச் சுற்ற, இரண்டு குடல் முனைகளும் நெருங்கிவந்து ஒட்டி அழுந்தும். கைப்பிடியில் ஒரு சிறிய ஜன்னல். அதில் குறிமுள் பச்சைப் பட்டைக்குள் வந்தால் இடைவெளி சரி.

அடிப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும்: நடுவில் வேறு எதுவும் சிக்கியிருக்கிறதா? பெண் நோயாளி என்றால் யோனியின் பின்சுவர் மலக்குடலை ஒட்டியே இருக்கிறது. அது கொஞ்சம் உள்ளே இழுபட்டுப் பின்களுக்குள் மாட்டிக்கொண்டால் மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவே ஒரு வழி உண்டாகிவிடும். மலம் அந்த வழியாக வரும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம். அதோடு வாழ்கிற பெண்ணிடம் அப்படிச் சொல்ல முடியாது. இந்த விபத்தில் கருவியின்மீது எந்தக் குறையும் இல்லை. அது தன் வேலையைச் செம்மையாகச் செய்துவிட்டது, தவறான இடத்தில்.

கைப்பிடியை முழுவதுமாக அழுத்த வேண்டும். பாதியில் விட்டால் பின்கள் பாதி மடங்கி, கத்தி பாதி வெட்டி நிற்கும். அழுத்தும்போது 'நறுக்' என்று ஒரு ஓசை. இரண்டு வட்ட வரிசைகளில் பின்கள் இறங்கி, உள்ளே வட்டக் கத்தி நடுத் திசுவை வெட்டியெடுத்துவிடும். திருகைச் சற்று எதிர்ப்பக்கம் சுற்றித் தளர்த்தி, கருவியை மெதுவாகத் திருப்பித் திருப்பி வெளியே எடுக்கிறார்கள். அவசரமாக இழுத்தால் அப்போதுதான் போட்ட இணைப்பே பிய்ந்துபோகலாம். வெளியே வந்த கருவிக்குள் இரண்டு சதை வளையங்கள் இருக்கும். சர்ஜன் அவற்றை எடுத்துத் தட்டில் வைத்து விரலால் சுற்றிப் பார்ப்பார். 'டோனட்' என்றே அவற்றுக்குப் பெயர். இரண்டும் முழு வட்டமாக இருந்தால் நிம்மதி. ஒன்றில் ஓரிடத்தில் அறுபட்டிருந்தால், உள்ளே இணைப்பிலும் அதே திசையில் ஓட்டை இருக்கலாம். அதன் பிறகு இடுப்புக்குழியில் உப்புநீர் ஊற்றி, ஆசனவாய் வழியாகக் காற்று செலுத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டு ஸ்டேப்ளரால் செய்யும் இந்த முறையை நைட், கிரிஃபன் என்ற இருவர் 1980 இல் வெளியிட்டார்கள். மலக்குடல் புற்றுநோய் என்றாலே ஆயுள் முழுவதும் வயிற்றில் பை என்றிருந்த நிலையை மாற்றியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. கை விரல்கள் நுழையமுடியாத ஆழத்தில் தையல் போட முடியாது, ஸ்டேப்ளரால் முடியும். ஆனால் அந்த ஆழமே அதன் பலவீனமும்கூட. ஆண்களின் இடுப்பெலும்புக் கூடு குறுகலானது. அங்கே நேர்க்கோட்டு ஸ்டேப்ளரை மலக்குடலுக்குச் செங்குத்தாக வைக்க இடம் கிடைக்காது. சாய்வாக வைத்து, ஒரு முறையில் வெட்ட முடியாமல் இரண்டாவது, மூன்றாவது கார்ட்ரிட்ஜ் போட வேண்டிவரும். ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பின்மேல் பின் ஏறும். இரு முனைகளிலும் காதுபோல நீட்டிக்கொண்டு நிற்கும் மூலைகளுக்கு இரத்தம் சரியாகப் போகாது. மலக்குடலைத் துண்டிக்க இரண்டுக்கு மேல் கார்ட்ரிட்ஜ் செலவானால் பின்னால் கசிவுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கருவியின் பூர்வகதையையும் கொஞ்சம் சொல்லிவிடலாம். 1908 இல் புடாபெஸ்டில் ஹியூமர் ஹூல்ட்ல் என்ற சர்ஜனும் விக்டர் ஃபிஷர் என்ற கருவி வடிவமைப்பாளரும் செய்த முதல் ஸ்டேப்ளரின் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதைப் பூட்டிப் பின் ஏற்றித் தயார்செய்யவே இரண்டு மணி நேரம். ஆனாலும் திசுவை முதலில் அழுத்து, மெல்லிய கம்பி, 'பி' வடிவ மடிப்பு, மாற்றி மாற்றி வைத்த வரிசைகள் என்ற நான்கு கொள்கைகளும் அதிலேயே இருந்தன. பிறகு வந்தவர்கள் எடையைக் குறைத்தார்கள், கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். உலகப் போருக்குப் பின் மாஸ்கோவில் அறுவைக் கருவிகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1958 இல் சோவியத் நாட்டுக்குப் போன அமெரிக்க சர்ஜன் மார்க் ராவிச், கீவ் நகரில் நுரையீரல் குழாயைப் பின் அடித்து மூடுவதைப் பார்த்து அசந்துபோய், லெனின்கிராடில் ஒரு கடையில் அந்தக் கருவியை விலைக்கே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். லியோன் ஹிர்ஷ் என்ற வியாபாரி சோவியத் கருவியைப் பார்த்து, பின்களைக் கையால் ஒவ்வொன்றாக ஏற்றும் தொல்லையை ஒழிக்க, ஏற்கெனவே நிரப்பிய, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கார்ட்ரிட்ஜ் என்ற யோசனையோடு ராவிச்சிடம் போனார். 1964 இல் தொடங்கிய அவருடைய நிறுவனத்தின் கருவிகள் 1967 முதல் சந்தைக்கு வந்தன. சர்ஜனின் கைப்பழக்கத்தில் இருந்த ஒரு வேலை, தொழிற்சாலையின் துல்லியத்தை நம்பும் வேலையாக மாறியது அப்போதுதான். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, கிழிந்த குடலின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு இணைக்கலாம் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்லியிருக்கிறது. தலையை விட்டுவிட்டு உடலைக் கிள்ளிவிட வேண்டும். அந்த எறும்புக்கும் திசுத் தடிமன் தெரியாது.

கசிவுக்கு வருவோம். "தையல் விட்டுப்போச்சு" என்று ஐசியு வாசலில் உறவினர்களிடம் சொல்லப்படும் வாக்கியத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் விளிம்பில் பழைய கொலாஜனை உடல் கரைத்துக்கொண்டிருக்கும். புதியது இன்னும் உருவாகியிருக்காது. அந்த இடைவெளியில் இணைப்பைத் தாங்குவது வெறும் உலோகம்தான். கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தையொட்டி வெளிப்படுவது அதனால்தான். காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுவது, காரணம் தெரியாத ஒரு பதற்றம், ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் மூன்றாம் நான்காம் நாளில் இறங்காமல் நிற்பது ஆகியவை முன்னறிகுறிகள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கசிவு குறைவு. ஆசனவாய்க்கு நெருங்க நெருங்கக் கூடும். மலக்குடலின் அடியில் போட்ட இணைப்புகளில் பத்தில் ஒன்று என்ற கணக்கை ஒட்டிப் பல மருத்துவமனைகளின் அனுபவம் இருக்கிறது. அதனால்தான் தாழ்ந்த இணைப்பு என்றால், சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டிச் சில வாரம் இணைப்புக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். பை கசிவைத் தடுப்பதைவிட, கசிந்தால் வரும் நாசத்தைக் குறைக்கிறது என்பதே சரி.

இதில் எவ்வளவு பங்கு ஸ்டேப்ளருக்கு? இங்கே எடைபோடுவதில் கவனம் வேண்டும். புகைப்பிடிப்பவர், ஸ்டீராய்டு எடுப்பவர், முன்பு கதிர்வீச்சு பெற்றவர், உடல் வற்றியவர் என்று கசிவுக்கு வழிவகுக்கும் காரணங்கள் ஏராளம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஆல்வர்டியின் குழு 2015 இல் எலிகளில் காட்டியது இன்னும் சுவாரசியம்: குடலிலேயே வாழும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா, கொலாஜனைக் கரைக்கும் நொதியைச் சுரந்து இணைப்பை உடைக்க வல்லது. கையால் கட்டினாலும் பின் அடித்தாலும் அந்தக் கிருமிக்கு வித்தியாசம் இல்லை. அதற்காகக் கருவியைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடவும் முடியாது. கசிந்த இணைப்பைத் திறந்து பார்க்கும்போது கோணலாக மடங்கிய பின்னைக் காண்பதும் உண்டு, ஒழுங்காக மடங்கிய பின்களுக்கு நடுவே செத்த திசுவைக் காண்பதும் உண்டு.

கசிவு தவிர்த்த மற்றவை: பின் வரிசையிலிருந்து இரத்தம் வடிவது, பெரும்பாலும் தானே நிற்கும், நிற்காவிட்டால் எண்டோஸ்கோப்பால் கிளிப் போடலாம். வட்ட இணைப்பு பிறகு வடுவாகிச் சுருங்கி வழி குறுகுவது, கைத்தையலைவிட ஸ்டேப்ளரில் சற்று அதிகம். பலூனால் விரிப்பார்கள்.

கருவியே தவறிய கதை வேறு வகை. 2019 மார்ச் 8 ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்கள், பின்கள் குறித்து 41,000 க்கும் மேற்பட்ட புகார்கள். அவற்றில் 366 மரணங்கள், 9,000 க்கும் மேற்பட்ட கடும் காயங்கள், 32,000 க்கும் மேற்பட்ட கருவிக் கோளாறுகள். பின் வரிசை பிரிந்துபோவது, பின்கள் கோணலாக மடங்குவது, கருவி அடிக்காமல் போவது அல்லது அடிக்கவே கடினமாக இருப்பது, தவறான அளவைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை அதில் அடிக்கடி வந்தவை. குடல் மட்டுமல்ல, நுரையீரல், வயிறு, இரத்தக் குழாய் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது. ஒரு புகார் வந்தது என்பதாலேயே கருவிதான் காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அந்த மாதமே வேறொரு செய்தி வெடித்தது. கைசர் ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் தோண்டி எடுத்தது இது: நிறுவனங்கள் சில வகைக் கோளாறுகளைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் பதியாமல், மொத்தமாகச் சுருக்கி அரசுக்கு மட்டும் அனுப்ப ஒரு தனிச் சலுகை இருந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டில் பொதுத் தரவுத்தளத்தில் ஸ்டேப்ளர் புகார்கள் 84. மறைவாகப் போனவை ஏறக்குறைய 10,000. ஒரு சர்ஜன் தன் கையில் கருவி தவறியபோது, மற்றவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று தேடியிருந்தால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது அந்த 84 தான். தன் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! மறைந்த கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது 2011 முதல் 2018 வரை மொத்தம் ஏறக்குறைய 1,10,000 சம்பவங்கள் என்று நிர்வாகமே பிறகு வெளியிட்டது. அந்தச் சலுகைத் திட்டம் 2019 இல் முடிவுக்கு வந்தது. என்னைக் கேட்டால், பின் கோணலாக மடங்கியதைவிடப் பெரிய தவறு இதுதான். பின்னின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு எத்திகான் நிறுவனம் வட்ட ஸ்டேப்ளர்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் 92,000 க்கும் மேற்பட்ட கருவிகள். 2018 மார்ச்சில் உற்பத்தி முறையில் நேர்ந்த ஒரு விலகலால், கருவி முழுமையாக அடிக்காமலும் பின்கள் முழுமையாக மடங்காமலும் போயிருக்கின்றன. ஏறத்தாழ ஒரு வருடம் அது கண்ணில் படவில்லை. மடங்கிய பின் குடலுக்குள் இருக்கிறது, வெளியே தெரிவது ஒரு கோடு மட்டும் என்பதால் தியேட்டரில் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

2021 அக்டோபரில் உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறைந்த ஆபத்துப் பிரிவான முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு மாற்றியது. அதுவரை, நாக்கை அழுத்திப் பிடித்துத் தொண்டை பார்க்கும் மரச்சட்டமும் இந்தக் கருவியும் ஒரே வகுப்பில் இருந்தன. அதன் பிறகு சந்தைக்கு வரும் ஸ்டேப்ளர் அடிக்கும் விசை, திசுவில் அதன் செயல்பாடு ஆகியவற்றுக்குச் சோதனை முடிவு காட்ட வேண்டும். எந்தத் தடிமனுக்கு எந்தப் பின் என்பதும், எங்கே போடக்கூடாது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். வீங்கிய, அழுகிய, எளிதில் கிழியும் திசுவில் போடாதே. தாடைக்குள் உலோகக் கிளிப் இருக்கிறதா பார். பழைய பின் வரிசைமேல் மறுபடி அடிக்காதே என்பவை புதிய ஞானம் இல்லை. நல்ல சர்ஜன்கள் முன்பே கடைப்பிடித்தவைதான். சட்டம் ஆனதில் ஒரு லாபம், தவறு நடந்தால் இனி "சொல்லவே இல்லையே" என்று யாரும் கைகழுவ முடியாது.

அப்படியானால் கையாலேயே தைத்துவிடலாமே என்று தோன்றும். ஆய்வுகள் அவ்வளவு எளிதாகப் பதில் சொல்வதில்லை. பெருங்குடல்-மலக்குடல் இணைப்புகளில் இரண்டில் எது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்பதே காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு முடிவு. சிறுகுடலைப் பெருங்குடலோடு இணைக்கும் இடத்தில் ஸ்டேப்ளரில் கசிவு குறைவு என்று அதே அமைப்பு சொன்னது. பிறகு 2015 இல் ஐரோப்பிய சர்ஜன்கள் பல நாடுகளில் எடுத்த கணக்கு நேர்மாறாக, ஸ்டேப்ளரில்தான் கொஞ்சம் கூடுதல் என்றது. விபத்தில் குடல் கிழிந்து வந்தவர்களிடமும் இதே இழுபறி: நிறைய திரவம் ஏற்றியதில் குடல் ஊறித் தடித்துவிடும், அப்போது பின்னைவிடத் தையல் நல்லது என்று ஒரு அமெரிக்க ஆய்வு சொல்ல, அடுத்து வந்தது வித்தியாசமே இல்லை என்றது. தையல் போடும் விரல்கள் திசுவின் தடிமனுக்கேற்ப ஒவ்வொரு முடிச்சிலும் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும். ஸ்டேப்ளர் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுதான். ஆனால் நள்ளிரவில் களைத்த கையின் கடைசி முடிச்சைவிட ஸ்டேப்ளரின் கடைசிப் பின் நம்பகமானது. குடலைக் கையால் நன்றாகத் தைக்கத் தெரிந்த இளம் சர்ஜன்கள் குறைந்துவருகிறார்கள் என்று மூத்தவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு; ஸ்டேப்ளர் நடுவழியில் சிக்கிக்கொண்டால் அப்போது கைகொடுக்கப்போவது அந்தத் தையல்தான்.

இப்போது மோட்டார் வைத்த ஸ்டேப்ளர்கள் வந்துவிட்டன. தாடை மூடும்போது திசு எவ்வளவு எதிர்க்கிறது என்று சில வகைக் கருவிகள் உணர்ந்து, தடித்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கை நடுக்கம் தாடைக்குப் போகாது. அவை அளப்பது விசையை மட்டுமே. அந்த விளிம்புக்கு இரத்தம் வருகிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. அதற்கு இண்டோசயனின் க்ரீன் என்ற சாயத்தைச் சிரையில் ஏற்றி, அகச்சிவப்பு ஒளியில் குடல் பளிச்சென்று பச்சையாகிறதா என்று பார்க்கிறார்கள். பச்சையாகாத பகுதியை வெட்டிவிட்டு, இரத்தம் ஓடும் இடத்தில் மறுபடி நீலமா பச்சையா என்று கார்ட்ரிட்ஜ் கேட்கிறார்கள்.